ஆழித்தேர் 1:24 — மரம், ரெசின், நெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

டெல்டா பக்கம் ஒரு கல்லூரியின் முன்கூடத்தில் வைப்பதற்காக, திருவாரூர் ஆழித்தேரை அளவு குறைத்து மாடலாகச் செய்து கொடுத்த வேலையின் பதிவு இது. செய்தவர்கள் மூன்று பேர், நான் ஒருங்கிணைத்தவன். ஆட்களின் பெயரும் கல்லூரியின் பெயரும் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன். மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் "எதில் செய்வது, எப்படிச் செய்வது" என்று ஒரு சண்டை கட்டாயம் வரும், பெரும்பாலும் அது ஆளாளுக்கு ஒரு ரசனை என்று முடிந்துபோகும். இங்கே அப்படி முடிக்க வழியில்லை, ஏனென்றால் மூன்று பேரும் சேர்ந்து ஒரே தேரைச் செய்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக மல்லுக்கட்டி, துண்டு செய்து பார்த்து, முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுகளில் சில நின்றன, சில நிற்கவில்லை.

பின்னணி

அலங்கரித்து நிற்கும் ஆழித்தேரின் உயரம் 96 அடி. கீழே மரத்தேர் 30 அடி, அதன் மேல் மூங்கிலும் தேர்ச்சீலையுமாக 48 அடி, விமானம் 12 அடி, கலசம் 6 அடி. எடை ஏறத்தாழ 300 டன். பழைய தேர் தீயில் எரிந்துபோய் 1930-ல் புதிதாகச் செய்த தேர் 1948-க்குப் பிறகு நெடுநாள் ஓடாமல் நின்று, 1970-ல்தான் மறுபடி ஓடியது. இப்போது அதற்கு இரும்புச் சக்கரம், இரும்பு அச்சு, ஹைட்ராலிக் பிரேக், எல்லாம் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவண்ணம். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் இதை வைத்தே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது.

கல்லூரி கேட்டது இவ்வளவுதான்: நாலடி உயரம், கண்ணாடிப் பெட்டி, பங்குனிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். 96 அடியை நாலடிக்குள் அடக்கினால் 24-ல் ஒரு பங்கு, அதாவது அசலில் ஓர் அடி இருந்தால் மாடலில் அரை அங்குலம். பிளாஸ்டிக் கார் கிட் ஒட்டிப் பழகிய எனக்கு இது நன்றாகத் தெரிந்த அளவு, கடையில் விற்கும் கார் கிட்களில் பாதி இந்த அளவில்தான் இருக்கும். மரத்தேர் 15 அங்குலம், சீலைப் பகுதி 24, விமானம் 6, கலசம் 3.

வேலைக்கு வந்தவர்களில் மூத்தவர் ஒரு மரச்சிற்பி, அறுபதைத் தாண்டியவர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரபில் உளி பிடிக்கக் கற்றவர், கோயில் தேர்களிலும் வாகனங்களிலும் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். அவரைப் பொறுத்தவரை தேர் என்றால் மரம், மரம் என்றால் இலுப்பை. இரண்டாவது ஆள் மெக்கானிக்கல் படித்த இளைஞர். வீட்டில் ரெசின் பிரிண்டர் (திரவ ரெசினை ஒளியில் இறுக வைத்து, அடுக்கடுக்காக உருவம் எடுக்கும் மெஷின்) வைத்திருக்கிறார், லேசரில் வெட்டித் தருகிற கடை பழக்கம், எதையும் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டுத்தான் கையில் எடுப்பார். மூன்றாமவர் தஞ்சாவூரைச் சேர்ந்த நெட்டி வேலைக்காரர், நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். குளம் குட்டைகளில் வளரும் நெட்டித் தண்டைக் காயவைத்து, தோல் சீவி, வெள்ளை வெளேரென்று வரும் அந்தச் சோற்றைக் கத்தியால் மட்டுமே வெட்டி ஒட்டிப் பெரிய கோயிலையே செய்துவிடுகிற குடும்பம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, இரண்டும் ஒரே பட்டறையில் சந்தித்துக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதலில் கவனித்தது

ஆரம்பத்தில் எல்லோரும் பொருளைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அதற்கு முன்னாலேயே அளவில் இடித்துவிட்டது. இளைஞர் புகைப்படங்களை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். சிற்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். "இதுல ஒரு கோடும் எனக்குப் பேசல தம்பி" என்றார். அவருடைய கணக்கு முழமும் விரலும். இது இழுத்துக்கொண்டே போகும் போல இருந்தபோது அக்காதான் சாதாரணமாக, "ஒரு முழத்துக்கு எத்தன விரல்?" என்று கேட்டார். சிற்ப நூல் கணக்கில் 24 விரல் ஒரு முழம். அப்படியென்றால் அசலில் ஒரு முழம் இருப்பது மாடலில் ஒரு விரல். சிற்பிக்கு அந்த இடத்தில் விஷயம் முடிந்துவிட்டது. ஒரு குச்சியை எடுத்து 24 கோடு கீறிக்கொண்டார், வேலை முடியும்வரை அதுதான் அவருடைய அளவுகோல். வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகவில்லை.

அக்காவுடைய ஆட்சேபம் வேறு மாதிரி. அவர் அளவுகோலே வைப்பதில்லை, கண்ணளவுதான். "தேரை நாம எல்லாம் அண்ணாந்து பாக்குறோம். பெட்டியில இருக்குறத நேரா நின்னு பாப்பாங்க. கணக்கு சரியா இருந்தா குட்டையா, கொழுத்துப்போன மாதிரி தெரியும்" என்றார். இளைஞருக்கு இது அபத்தமாகப் பட்டது: அளவு மாறினால் அது மாடலே இல்லை, பொம்மை. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் புரிந்தது, ஆனால் ஒரு விஷயம் அக்கா பக்கம் இருந்தது. மரத்தேர் நிலையான பொருள், அதற்கு அளவு உண்டு. மேலே இருக்கிற மூங்கில் சாரமும் சீலையும் திருவிழாவுக்குத் திருவிழா அவிழ்த்துக் கட்டுவது, கட்டுகிறவர்கள் கையைப் பொறுத்து உருவம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் மரத்தேரின் உச்சித் தட்டான சிம்மாசனம் வரைக்கும் கண்டிப்பாக 1:24, அதற்கு மேலே மொத்த உயரம் மாறாமல் வளைவை அக்கா கண்ணளவுக்கு விடுவது என்று முடிவானது. இளைஞர் இதை மனதார ஏற்கவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார்.

வாக்குவாதம்

பொருள் பற்றிய சண்டை எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவர் சொன்னதிலும் சரக்கு இருந்தது.

சிற்பி: சாமி ஏறுகிற பொருள், அதை பிளாஸ்டிக்கில் செய்தால் கைக்குக் கூசும். இளைஞர்: இதில் சாமி ஏறப்போவதில்லை, கல்லூரி வாசலில் நிற்கப்போகிறது. அப்புறம் அவர் எடுத்துவிட்டதுதான் பெல் சக்கரம். அசல் தேரே மரச்சக்கரத்தை விட்டு இரும்புக்கு மாறிவிட்டது, பின்னால் சக்கரத்தை நெம்பித் தள்ளும் சன்னக்கட்டைக்குப் பதில் புல்டோசர் வைத்துத் தள்ளுகிறார்கள், நாம் மட்டும் ஏன் நூறு வருஷம் முன்னால் நிற்க வேண்டும்? இதற்குச் சிற்பி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. சக்கரத்தை இரும்பில் செய்தது 300 டன்னைத் தாங்க, மரத்தால் முடியாததற்கு இரும்பு வந்தது. உன் ரெசின் எதைத் தாங்குகிறது, உன் நேரத்தைத்தானே?

இளைஞரும் விடவில்லை. தேரை மரத்தில்தான் செய்யணும் என்று யார் சொன்னது, தாராசுரத்தில் கல்லில் செய்திருக்கிறார்களே, சக்கரம் குதிரை எல்லாம் வைத்து? வள்ளுவர் கோட்டத்தில் இதே திருவாரூர்த் தேரைப் பார்த்துத்தானே 39 மீட்டர் உயரத்துக்குக் கல்தேர் கட்டி 1976-ல் திறந்தார்கள்? அது நல்ல அடி, சிற்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. உண்மையில் நம் ஊரில் தேர் பொருள் மாறிக்கொண்டே வந்த உருவம்தான். ஆனால் கல்தேர் செய்தவர்கள் அதை மரமாகத் தெரிய வைக்க முயலவில்லை, கல்லாகவே விட்டார்கள். ரெசினில் செய்து மரக்கலர் அடிப்பது அந்த வகையில் சேராது. இதை நான் சொன்னபோது இளைஞர் முகம் சுருங்கியது, ஆனாலும் பிற்பாடு எடுத்த முடிவுகளுக்கு அதுதான் ஒரு பிடிமானமாக இருந்தது.

அக்கா இந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. நெட்டியில் செய்தால் முழுசாக நெட்டி, இல்லையென்றால் வேண்டாம் என்பது அவர் கட்சி. கலப்படம் ஆகாது, சாயமும் பூசக்கூடாது.

சோதனைத் துண்டு

பேசிப் பேசித் தீராது என்று தெரிந்ததும், எல்லோரும் ஒரே உருவத்தைச் செய்வது என்று வைத்துக்கொண்டோம். தேரின் அடித்தட்டான பூதப்பாருக்கு மேல் வரிசையில் வரும் ஒரு யாளி, ஓர் அங்குல உயரம். சிற்பி இலுப்பையில் ஒன்று, வெட்பாலையில் ஒன்று செதுக்கினார். இளைஞர் பிரிண்ட் எடுத்தார், அக்கா நெட்டியில் வெட்டினார்.

இலுப்பை யாளியில் பல் நிற்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட இல்லாத கோரைப்பல்லை உளி தொட்டதும் சில்லாகப் பெயர்ந்தது, மூன்று இடத்தில் பசை வைத்துத் திரும்ப ஒட்டியிருந்தார். அதைவிடப் பெரிய பிரச்சினை மரத்தின் கண். இலுப்பை மரத்தில் நுண்துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். முப்பது அடி தேரில் அது அழகு, யாருக்கும் உறுத்தாது. ஓர் அங்குல யாளியின் கன்னத்தில் அதே துளை அம்மைத் தழும்பாகத் தெரிந்தது. அசலில் எந்த மரமோ அதே மரத்தில் செய்வதுதான் நேர்மை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தேரை 24-ல் ஒரு பங்காகக் குறைக்கலாம், மரத்தின் நாரைக் குறைக்க முடியாது.

வெட்பாலை வேறு கதை. சன்னப்பட்டணா பொம்மைக்குப் போகிற அதே மரம், வெள்ளை நிறம், நெருக்கமான நார். பல், நாக்கு, பிடரிச் சுருள் எல்லாம் நறுக்கென்று விழுந்தது.

பிரிண்ட் யாளியில் குறையே இல்லை, அதுதான் குறை. 0.05 மில்லிமீட்டர் அடுக்கில் எடுத்தது, விளிம்பு எல்லாம் கத்தி மாதிரி. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் பிரமாதம். அதே ஃபைலில் எட்டு எடுத்து வரிசையாக வைத்தபோது உயிர் போய்விட்டது, ஒரே யாளி எட்டு தடவை நின்றது. சிற்பி செய்த எதுவும் அடுத்ததை மாதிரி இருக்காது, ஒன்று லேசாகச் சிரிக்கும், ஒன்று உறுமும். இளைஞர் கம்ப்யூட்டரில் எட்டையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றலாம்தான், ஆனால் அந்த நேரத்தில் சிற்பி நாலு யாளி செதுக்கி முடித்துவிடுவார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தோம்.

நெட்டி யாளிதான் நுணுக்கத்தில் எல்லாவற்றையும் அடித்தது. நார் என்று ஒன்றும் கண்ணில் படாத பொருள், வெட்டுகிற இடம் வெட்டுப்பட்டு நிற்கும். ஆனால் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், 15 அங்குல மரத்தேரைச் சுற்றி அதை நம்பி வைக்க முடியாது, துடைக்கவும் முடியாது.

கல்லூரி முன்கூடத்தில் பார்க்கிறவர் பெட்டிக்கு வெளியே மூன்றடி தள்ளி நிற்பார். அந்தத் தூரத்தில் நாலையும் வைத்தோம். மரக்கலர் அடித்த பிரிண்டுக்கும் வெட்பாலைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, சிற்பி மட்டும் சரியாகச் சொன்னார். இளைஞர் இதை வெற்றியாக எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு சிக்கல்: தேரின் ஒரு தட்டில் ஒரு பிரிண்ட் வந்துவிட்டால் அதை மறைக்க எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும், பக்கத்தில் உள்ள நல்ல மரமும் அந்தப் பெயின்டுக்குள் போய்விடும். ஒரு பாகத்துக்கு எடுக்கிற பொருள் அதன் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுகிறது.

எடுத்த முடிவுகள்

மரத்தேரின் சிற்பங்கள் எல்லாம் வெட்பாலை, சாயமேற்றி எண்ணெய் பூசுவது. இங்கே இளைஞர் ஒரு கேள்வி போட்டார்: "வெள்ளை மரத்துக்குக் கலர் ஏத்தி இலுப்பை மாதிரி காட்டுறது மட்டும் நேர்மையா ஐயா?" சிற்பி, "மரத்துக்கு மரச்சாயம் தம்பி, உள்ள இருக்குறது மரந்தானே" என்றார். முழுத் திருப்தியான பதில் இல்லை, சரி என்று விட்டோம்.

உள்ளே எலும்புக்கூடு பிளைவுட், லேசரில் வெட்டியது. சிற்பி முதலில் முழு மரக்கட்டை கேட்டார். ஏசி ஓடி நிற்கும் கூடத்தில் முழு மரம் சுருங்கி விரிந்து இழுக்கும் என்பதால் மறுத்தோம், அவருக்கும் அது தெரியாத விஷயம் இல்லை. மலிவு என்று எம்டிஎப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடும் யோசனையும் வந்தது, ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும் என்பதால் அது கழிந்தது.

சக்கரம் லேத் பட்டறையில் கடைந்த இரும்பு, குறுக்களவு நாலரை அங்குலம். அசலும் இரும்பு, இதுவும் இரும்பு, சண்டை இல்லை. கல்லூரித் தரப்பில் ஒருவர் சக்கரத்துக்குத் தங்கக் கலர் அடிக்கலாமே, உள்ளே எல்இடி வைக்கலாமே என்றார். தங்கக் கலருக்கு மூன்று பேரும் முதல்முறையாக ஒரே குரலில் மறுப்பு சொன்னார்கள்! விளக்கு பெட்டியின் கூரையில் மட்டும்.

நான்கு குதிரைகளும் துவாரபாலகர்களும் பிரிண்ட். தேர்க்குதிரைக்கு வண்ணம் பூசுவது வழக்கம்தான், அசலிலேயே மரம் வண்ணத்துக்குள் மறைந்திருக்கிற இடத்தில் மாடலிலும் மறைத்தால் பொய் இல்லை என்பது என் வாதம். சிற்பி தலையாட்டினார். ஆனால் பெட்டியில் வைக்கிற பலகையில் தன் பெயருக்கு நேரே "மரச்சிற்பங்கள்" என்று மட்டும் போடச் சொன்னார், குதிரை அவர் கணக்கில் வரக்கூடாது.

நெட்டிக்கு இடம் கிடைத்தது பூவில். மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுகிற ஊர் இது. தேரில் தொங்கும் மாலைகளை 1:24-ல் வேறு எதிலும் செய்ய முடியாது, காகிதம் தட்டையாக நிற்கும், ரெசின் ஒடியும். கலப்படம் ஆகாது என்ற அக்கா, "மாலை தேர்ல சேத்தி இல்ல, தேருக்குப் போடுறது" என்று தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். இளஞ்சிவப்புச் சாயத்தில் கொஞ்சம் நெட்டி தோய்க்கவும் சம்மதித்தார், அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செய்தபோது

மூங்கில் சாரத்துக்கு உண்மையான மூங்கிலே சரியாக வந்தது. கபாப் குச்சி 3 மில்லிமீட்டர், 24-ஆல் பெருக்கினால் 72, மூன்று அங்குல மூங்கில் கழிக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். அதைவிட மெல்லிய கழிகளுக்குச் சிற்பி ஒரு வேலை காட்டினார். நகை ஆசாரி கம்பி இழுக்கிற துளைத் தகடு ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, மூங்கில் சீவலை ஒரு முனையில் கூராக்கி, பெரிய துளையில் விட்டு இழுத்து, அடுத்த துளை, அதற்கடுத்த துளை என்று போனால் நூல் பிடித்த மாதிரி உருண்டையான குச்சி வருகிறது. பாய்மரக் கப்பல் மாடல் செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் மரஆணிக்கு இதைத்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன். "அவங்களுக்கும் ஆசாரி இருப்பான்ல" என்றார்.

வடத்துக்கு அவர் தேங்காய் நார்தான் வேண்டும் என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஒரு நார் கால் மில்லிமீட்டர் என்றாலும் அது அசலில் ஆறு மில்லிமீட்டர் தடித்த நாராகத் தெரியும், வடம் கம்பளிப்பூச்சியாகிவிடும். பருத்தி நூலைக் கைத்துளைப்பான் முனையில் மாட்டி முறுக்கி, மூன்று புரியாக எதிர்த்திசையில் முறுக்கியது சரியாக வந்தது. திசையை மாற்றாமல் முறுக்கினால் விட்டதும் பிரிந்துவிடும், கயிறு திரிக்கிற யாருக்கும் இது தெரிந்திருக்கும்.

துணிதான் ரொம்பப் படுத்தியது. எவ்வளவு மெல்லிய மல்துணியானாலும் இந்த அளவில் தொம்பை (தேரில் தொங்கும் உருளை வடிவத் துணி) விறைத்து நிற்கிறது, எடை இல்லாததால் கீழே விழ மாட்டேன் என்கிறது. கடைசியில் டிஷ்யூ காகிதத்தில் தேர்ச்சீலைப் படங்களை இளைஞர் இங்க்ஜெட்டில் அச்சடிக்க, அக்கா அதைச் சுருட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவித் தொங்கவிட்டுக் காயவைத்தார். அடியில் தொங்கும் குஞ்சம் மட்டும் பருத்தி. அதை ஒட்ட நேரமாகிறது என்று இளைஞர் சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட, பஞ்சிலிருந்து மெலிசாகப் புகை எழும்பி விரல் சுட்டது. பருத்தியில் அந்தப் பசை பட்டால் படுவேகமாக இறுகிச் சூடாகும், பிளாஸ்டிக்கோடு மட்டும் பழகியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அதோடு துணி, காகிதம், நெட்டி பக்கம் சூப்பர் குளூ வரக்கூடாது என்று தடை போட்டாயிற்று.

இடையில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. மேல் அடுக்குகளின் வளைவுக்குச் சிற்பி அட்டையில் வார்ப்புரு வெட்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்சம் மாறிக்கொண்டே போனது. ஒருநாள் இளைஞரிடம், "இந்த வளைவ உன் மெஷின்ல ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். அதன் பிறகு வார்ப்புரு எல்லாம் பிரிண்டில்தான். பிரிண்ட் மாடலுக்குள் வருவதுதான் அவருக்குப் பிரச்சினை, பட்டறைக்குள் வருவதில் பிரச்சினையே இல்லை.

ஒப்படைத்த பிறகு

பங்குனிக்குள் வைத்தாயிற்று, எல்லோருக்கும் திருப்தி. கோடை முடியும் முன்பே கல்லூரியிலிருந்து போன் வந்தது. இரண்டு குதிரைகளின் வயிற்றில் விரிசல், ஒன்றிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ வடிந்து அடிப்பலகையில் கறை. குதிரை உள்ளே கூடாக எடுக்கப்பட்டது, ரெசின் மிச்சம் என்பதற்காக. கூடு வைத்தால் வடிகால் துளை போதுமான அளவு விட்டு, உள்ளே ஸ்பிரிட்டில் அலசி, உட்புறமும் புறஊதா ஒளியில் இறுக வைக்க வேண்டும். துளை தெரியக்கூடாது என்று ஒரே ஒரு சின்னத் துளை விட்டிருந்தார், இறுகாத ரெசின் உள்ளேயே தங்கி, சுவரை அரித்து வெடித்துவிட்டது. பொருள் மோசம் என்று இதைச் சொல்ல முடியாது, செய்முறையில் விட்டது. துவாரபாலகர்கள் திடமாக எடுக்கப்பட்டவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மரமும் தப்பவில்லை. சிற்பப் பலகைகளைப் பிளைவுட்டில் காடி எடுத்து, நடுவில் மட்டும் பசை வைத்து, ஓரம் நகர இடம் விட்டுப் பொருத்துவதாக ஏற்பாடு. கடைசிநேர அவசரத்தில் பின்பக்கப் பலகை ஒன்று சுற்றிலும் ஒட்டப்பட்டிருந்தது, ஏசியில் சுருங்கி நெடுக்காகக் கீறல் விட்டது, மற்றவை அசையவில்லை. சன்னல் பக்கத்துத் தொம்பைகளின் அச்சு வெளிறிவிட்டது, சாதாரண இங்க்ஜெட் மை வெயிலுக்கு நிற்காது. நெட்டி மாலைகள் மட்டும் அப்படியே இருந்தன, சீக்கிரம் கெட்டுவிடும் என்று நாங்கள் மூன்று பேருமே அதைத்தான் நினைத்திருந்தோம்.

பழுது பார்க்கும்போது ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கீறல் விட்ட பலகையில் சிற்பி ஒரு மெல்லிய சிம்பைச் சொருகி, சீவி, சாயம் தொட்டார், அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டார். வெடித்த குதிரையை ஒட்ட வழியில்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஃபைல் வேண்டும். ஃபைல் இளைஞரின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. நாளைக்கு அவர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டால் யார் எடுப்பது என்று கல்லூரி கேட்டது நியாயமான கேள்வி.

அடுத்த முறை மாற்றுவது

சோதனைத் துண்டை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்வேன், வாக்குவாதத்துக்குப் பிறகு அல்ல. நாலு யாளியைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது மூன்று பேரும் பேசிய விதமே மாறிவிட்டது. துண்டைக் கூடத்திலேயே ஒரு மாதம் வைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது, ஏசியும் வெயிலும் சொல்வதை எந்த அனுபவசாலியும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

பிரிண்ட் பாகங்கள் சின்னதாக இருந்தால் திடமாகவே எடுக்க வேண்டும். கூடாகத்தான் என்றால் இரண்டு துளை, பார்வைக்குப் படாத அடிப்பக்கம். அச்சுக்கு வெயிலுக்கு நிற்கும் பிக்மென்ட் மை. ஃபைல்களின் பிரதி ஒப்படைக்கும்போதே வாங்குகிறவருக்குப் போக வேண்டும், ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடலாம். எந்தப் பாகம் எந்த மரம், எந்தப் பசை, எந்தச் சாயம் என்று ஒரு தாள் அடிப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்க வேண்டும், பிற்பாடு அதைச் செய்தோம்.

அளவு விஷயத்தில் எடுத்த முடிவை மாற்ற மாட்டேன். சீலைப் பகுதியைக் கண்ணளவுக்கு விட்டதால் தேர் எடுப்பாக நிற்கிறது. இளைஞர் மட்டும் போகும்போதெல்லாம் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டு முனகுவார்.

குதிரை விஷயம் இன்னும் முடியவில்லை. வெடித்த இரண்டுக்கும் பதிலாகச் சிற்பி, வெடிக்காத பிரிண்ட் குதிரை ஒன்றையே மாதிரியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெட்பாலையில் இரண்டு செதுக்கிக் கொடுத்தார். வண்ணம் பூசி நாலையும் பூட்டிய பிறகு எவை மரம், எவை ரெசின் என்று கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. மிச்ச இரண்டையும் மாற்றிவிடலாம் என்கிறார் சிற்பி. அடியில் துளை போட்டு நன்றாக அலசிக் காயவைத்தாயிற்று, இனி வெடிக்காது, எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார் இளைஞர்.